உரசலார் கடை வில்லை

கார்காலம் தன் முறைக்கு வந்தது, மழைதான் வரவில்லை. நாள்தோறும் நண்பகல் கழிந்தபின் மேற்கே கருமுகில் திரளும். சூல் கொண்ட யானைநிரை போல அசையாது நிற்கும். காற்றில் ஈரத்தின் மணம் எழும். தெருவில் உள்ளோர் அனைவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, உலர வைத்த சாக்குகளைச் சுருட்டுவர். பின்னர் முகில் கலைந்துபோகும். சுருட்டிய சாக்கை மறுபடியும் விரிப்பர். கொடுப்பதுபோல் வந்து கொடாமலே போகும் வானத்தை ஒவ்வொரு நாளும் கண்டு கண்டு, அந்தக் காய்ச்சந்தைத் தெருவில் மனிதர் முகங்களிலும் ஓர் ஐயம் படிந்துவிட்டது. தராசு முள்ளை இருமுறை பார்த்தார்கள். வணக்கம் சொன்னவனையும், இவன் இன்றைக்கு ஏன் சொல்கிறான் என்று ஒரு கணம் எண்ணிய பிறகே திருப்பி வணங்கினார்கள். கீரைக்கட்டு மெலிந்தது. மாடுகளின் மடி சுருங்கியது.

அத்தெருவின் நடுவில், மூட்டை இறக்கும் மேடைக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. முன்புறம் கடை, பின்புறம் வீடு. இடையே சாக்குத்துணியாலான திரை ஒன்று. திரைக்கு அப்பால் கடைக்காரரின் மனைவி பால் காய்ச்சுவாள். இப்பால் அவர் தேநீர் ஆற்றுவார். எந்த நாணயம் வந்தாலும் கட்டைவிரலால் உரசி, கல்மேடையில் ஒருமுறை தட்டி ஓசை கேட்ட பின்பே பெட்டியில் இடுவது அவர் வழக்கம். நோட்டு என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அது தன்னோடு பேசுமோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே இளமையில் அவருக்கு 'உரசல்' என்று பெயர் விழுந்தது; தலை நரைத்தபின் மரியாதை சேர்ந்து 'உரசலார்' ஆயிற்று.

"தாள்தானே அண்ணே, பெட்டியில போடுங்க. வெளிச்சத்துல அப்படி என்ன தேடுறீங்க?" என்பார் சுமைகாரர்களின் மேஸ்திரி.

"யாரு கையெழுத்துப் போட்டிருக்கான்னு பாக்குறேன்."

"பாத்து?"

"முன்னாடி ஒருத்தர் போட்டிருந்தாரு, இப்ப வேற ஒருத்தர். தரேன்னு வாக்குக் குடுத்த ஆளு வேலைய முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

"எதைக் கேக்கப் போறீங்க?"

"அதான்யா எனக்கும் புரியல. இத்தனை தரேன்னு எழுதியிருக்கு. எதைத் தருவேன்னு எழுதல. கொண்டுபோய் நீட்டுனா இன்னொரு தாளைத் தருவாங்க."

"எங்களுக்கு அந்த இன்னொரு தாளே போதும்ணே" என்று மேஸ்திரி சிரிப்பார். மேடையில் அமர்ந்திருக்கும் சுமைகாரர்களும் சிரிப்பார்கள். உரசலார் சிரிப்பதில்லை.

அவருடைய ஐயத்துக்கு வேர் ஒன்று உண்டு. வீட்டின் கூரை ஓலையாலானது. அதைத் தகரமாக்க வேண்டுமென்று பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார். "மொத வருசம் சேத்ததுக்குப் பாதிக் கூரை வந்திருக்கும். ரெண்டு பங்கு சேத்த பிறகு விசாரிச்சா, அப்பவும் அதே பாதிக் கூரைதான். பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. உள்ள இருந்தது மட்டும் இளைச்சுப் போயிருக்கு. பூட்டைத் தொடாமத் திருடுற திருடனை எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்று மேஸ்திரியிடம் கேட்பார்.

"பாத்திருக்கேன்" என்று திரைக்குப் பின்னிருந்து மனைவியின் குரல் வரும். "நாலு தகரத்தை அப்பவே வாங்கிப் போடுங்கன்னு சொன்னப்ப, பெட்டி மேல உக்காந்துக்கிட்டு இருந்தாரே, அவரைத்தான்."

சில்லறைப் பஞ்சம் வந்த காலத்தில் இந்தப் பேச்சுக்கு உடல் ஒன்று கிடைத்தது. சிறு நாணயங்கள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை. மிச்சம் கேட்டால் மிட்டாய் கொடுத்தார்கள். உரசலாரின் மைத்துனர், அவர் மனைவியின் தம்பி, தெருக்கோடியில் தகடு வெட்டும் பட்டறை வைத்திருந்தார். கழிவுப் பித்தளையில் வட்டம் வட்டமாக வெட்டி, நடுவே துளையிட்டு, ஒரு பக்கம் தேநீர்க் குவளை வடிவை அச்சுக்குத்தித் தந்தார். மிச்சத்துக்குப் பதிலாக உரசலார் அந்த வில்லைகளைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே சொல்லைச் சொன்னார்: "என்னைக்குக் கொண்டாந்தாலும் வில்லைக்கு ஒரு டீ. பால் விலை ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி."

அந்தச் சொல் தெருவில் நின்றது. வெங்காய வியாபாரி தம் மிச்சத்தையும் வில்லையாகவே கொடுத்தார். முடிதிருத்துபவர் வாங்கினார். மேஸ்திரி சுமைகாரர்களின் கூலியில் ஒரு பகுதியை வில்லையாகவே பிரித்தார். துளையில் நூல் கோத்துக் கழுத்திலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டு மனிதர் நடமாடினர். உரசலாரின் நடையே மாறிற்று.

"இதுக்குப் பின்னால பால் இருக்கு, தூள் இருக்கு, அடுப்பு இருக்கு, நான் இருக்கேன்" என்பார். "அந்தத் தாளுக்குப் பின்னால ஒரு கட்டடம் இருக்கு. அவ்வளவுதான். அதுக்குள்ள நம்மள விட மாட்டாங்க."

மூட்டை ஏற்றும் கூடைக்காரம்மாளும் மேடையோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கணவனை இழந்தவள்; ஆண்களுக்குச் சரியாகத் தலைச்சுமை தூக்குபவள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனித் தலையில் எதையும் ஏற்றக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவளோ கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏற்றிக்கொண்டே இருந்தாள். "ஒரு தள்ளுவண்டி வாங்குற வரைக்கும்தான்" என்பாள்.

சந்தைவரி வாங்க வரும் வசூல்காரருக்கு உரசலார் ஒருநாள் வில்லைச் சரம் ஒன்றை நீட்டினார்.

"இதை எடுத்துக்க மாட்டேங்க" என்றார் வசூல்காரர்.

"டீ குடிக்கிறப்ப மட்டும் உங்க சட்டைப்பையிலருந்து வருதே?"

"டீ குடிக்கிறவன் நான். வரி வாங்குறவன் நான் இல்ல, ஆபீஸு."

"தெருவே வாங்குதுங்க."

"தெரு வாங்கட்டும். ஆபீஸு எதை வாங்குதோ அதைத் தேடித்தான் நீங்க எல்லாரும் ஓடியாகணும். வருசத்துக்கு ஒருநாள் அந்தத் தாளோட எங்க முன்னாடி வந்து நிக்கலைன்னா கடைக்குப் பூட்டு. அப்ப எது பணம்னு யாரு சொல்றது? நீங்களா, நானா?" வசூல்காரர் குவளையை வாங்கிக்கொண்டு நிதானமாக உறிஞ்சினார். "அப்புறம் இன்னொண்ணு. வில்லை குடுத்த அன்னைக்கு வரியா, டீ குடிச்ச அன்னைக்கு வரியான்னு மேலிடத்தைக் கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் சொல்லல. ரெண்டு நாளும் வாங்குன்னுதான் சொல்லுவாங்க."

குடித்த குவளையை வைத்து, பக்கத்தில் ஒரு வில்லையையும் வைத்துவிட்டுப் போனார்.

உரசலார் அந்த வில்லையை நெடுநேரம் உரசிக்கொண்டிருந்தார். "மிரட்டித்தான்யா அந்தத் தாளுக்கு உயிர் குடுத்திருக்காங்க" என்றார் மைத்துனரிடம். "நம்மது அப்படி இல்ல. ஆசைப்பட்டு வாங்குறாங்க."

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையிலிருந்துதான் பிழை முளைத்தது.

கொடுத்த வில்லைகள் எல்லாம் தேநீருக்குத் திரும்பி வரவில்லை. ஐந்தில் ஒரு பங்கு எங்கோ நின்றுவிட்டது. சாக்கடையில் விழுந்திருக்கும், வெங்காய மூட்டைக்குள் நழுவி வெளியூர் போயிருக்கும், லாரி ஓட்டுநர்கள் பிள்ளைகளுக்கு விளையாடக் கொண்டுபோயிருப்பார்கள். இவ்வாறு உரசலாரும் மைத்துனரும் கணக்கிட்டார்கள்.

"தொலைஞ்ச வில்லைக்கு டீ கேட்டு யாரும் வரப்போறதில்ல மாமா" என்றார் மைத்துனர். "அதுக்குப் பதிலாப் புதுசு தட்டினா யாருக்கு நட்டம்? தகரக்காரர் நம்ம வில்லைய வாங்குறாரு. தச்சரும் வாங்குறாரு. கூரை ஏறிடும்."

"தொலைஞ்சதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று திரையை விலக்கிக்கொண்டு வந்தாள் மனைவி. "வரலன்னு சொல்லுங்க. அது வேற, இது வேற."

"இத்தனை நாளா வராதது இனிமேயா வரப்போகுது?"

"நம்ம கல்யாணத்துக்கு வரேன்னு சொன்ன உங்க பெரியப்பா எப்ப வந்தாரு? பந்தல் பிரிச்ச பிறகு. சாப்பாடு போடாம அனுப்புனோமா?"

"அக்கா, நீ பாலைப் பாரு" என்றார் தம்பி.

"பாலைத்தான்டா பாக்குறேன். வில்லைய நீ தட்டுவ. பாலை நான்தான் தட்டணும்."

கூரை ஏறிற்று. நீலம் பூசிய தகரம். வெயிலில் கண்ணைப் பறித்தது. உரசலார் தெருவின் எதிர்ப்புறம் நின்று அதைப் பார்ப்பார். அவர் வாழ்வில் உரசிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்ட பொருள் அது ஒன்றுதான்.

பின்னர் இந்தக் கார்காலம் வந்து பொய்த்தது. பால் அருகிற்று, விலை ஏறிற்று. அதே வேளையில் தகரக்காரரும் தச்சரும் செலவிட்ட புது வில்லைகள் தெருவெங்கும் பரவிக் கடைக்கே திரும்பின. காலையில் முன்னெப்போதும் இல்லாத கூட்டம். எல்லார் கையிலும் வில்லை. நாணயம் நீட்டுவோர் குறைந்தனர். பால்காரருக்கோ நாணயம் வேண்டும். வில்லைக்கு ஒரு குவளை என்ற சொல்லை உரசலார் மாற்றவில்லை. குவளைக்குள் இருந்ததை மாற்றினார். முதலில் ஒரு கரண்டித் தண்ணீர், பிறகு இன்னொன்று.

"அண்ணே" என்றார் மேஸ்திரி ஒருநாள், குவளையை உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்து. "நீங்க நோட்டைப் பாக்குற மாதிரிப் பாக்குறேன். அந்தப் பக்கம் நிக்கிற லாரியோட நம்பர் தெரியுது."

சிரிப்பு எழுந்தது, ஆனால் பழைய சிரிப்பு இல்லை. வெங்காய வியாபாரி ஒரு வில்லைக்குரிய காய்க்கு ஒன்றரை கேட்டார், பிறகு இரண்டு. கூலியில் வில்லை வேண்டாம் என்று சுமைகாரர்கள் முணுமுணுத்தனர். இத்தனை வில்லை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மேடையிலிருந்து கடைக்கு வந்தபோது, உரசலாரின் நாக்கு அவரை முந்திக்கொண்டது.

"எவனோ கள்ள வில்லை அடிக்கிறான் போலிருக்கு."

திரைக்குப் பின்னால் பாத்திர ஓசை நின்றது. அன்றிலிருந்து தெருவில் ஒருவன் மடியை ஒருவன் பார்க்கத் தொடங்கினான்.

அகப்பட்டவள் கூடைக்காரம்மாள். சந்தைக்கு வெளியே ஒருவர் தம் பழைய தள்ளுவண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, வில்லைகளை நோட்டாக மாற்ற வெங்காய வியாபாரியிடம் போனாள். துணிப்பையை அவள் மேசைமேல் கவிழ்த்தபோது எழுந்த ஓசைக்கு மண்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. சற்று நேரத்தில் அவளையும் பையையும் நடுவில் வைத்து ஒரு கூட்டம் தேநீர்க்கடை முன் வந்து நின்றது.

"சுமை தூக்குற பொம்பளைக்கு இத்தனை வில்லை ஏது?" என்றார் வெங்காய வியாபாரி. "கேட்டா சேத்தேங்குது. டீக்கடை வில்லைய யாராவது சேப்பாங்களா?"

மேஸ்திரி பையைக் கல்மேடையில் வைத்தார். "அண்ணே, நீங்களே பாத்துச் சொல்லுங்க. கள்ளம்னா கள்ளம். நல்லதுன்னா நல்லது. உங்க சொல்லுதான்."

கூடைக்காரம்மாள் அழவில்லை. துண்டு சுற்றிய கழுத்தைத் திருப்ப இயலாமல் உடம்போடு திரும்பி உரசலாரைப் பார்த்தாள்.

"நீங்கதானேய்யா சொன்னீங்க, தாள் இளைக்கும், இது இளைக்காதுன்னு. கேட்டுக்கிட்டு நின்னேன். டீ குடிக்காம வச்சேன். குடிக்கணும்னு இருக்கும், வண்டிய நெனச்சுக்குவேன்."

உரசலார் ஒரு வில்லையை எடுத்தார். கட்டைவிரலால் உரசினார். கல்லில் தட்டினார். ஓசை எழுந்தது. இன்னொன்று, அதற்கும் அதே ஓசை. விளிம்பு தேய்ந்தவை, முதல் நாட்களில் தட்டியவை. சாக்கடையில் விழுந்தவை என்றும் வெளியூர் போனவை என்றும் தாம் கணக்கிட்டவை எல்லாம் இந்தத் துணிப்பைக்குள் ஒரு கழுத்தெலும்புக்காகக் காத்திருந்தன என்பது அவருக்குப் புலப்பட்டது. அவற்றின் இடத்தில் தட்டிய புது வில்லைகள் தலைக்குமேல் நீலத் தகரமாக வெயிலில் நின்றன.

கூட்டத்தைக் கண்டு பட்டறையிலிருந்து ஓடிவந்த மைத்துனர் அவர் தோளருகே குனிந்தார். "மாமா, கள்ளம்னு ஒரு வார்த்தை. பழசெல்லாம் இன்னையோட செல்லாதுன்னு சொல்லிடலாம். வேற அச்சு வெட்டித் தரேன். பெரிய இடத்துல பண்றது இதானே? அவங்க சொன்னா நாம கேட்டுக்கிட்டுப் போகலையா?"

அந்த யோசனை எத்துணை எளியது என்பதே உரசலாரை நடுங்க வைத்தது. தாம் வாழ்நாளெல்லாம் ஐயுற்ற அந்தக் கட்டடத்துக்குள் யார் இருப்பார்கள் என்று அவர் பலமுறை எண்ணியதுண்டு. கொம்பு முளைத்தவர்களை அவர் நினைத்திருந்தார். இப்போது பார்த்தால், உள்ளே இருப்பவன் ஒரு கூரை வேண்டுமென்று ஆசைப்பட்டவன். திரும்பி வராததைத் தொலைந்தது என்று எழுதிக்கொண்டவன். நெருக்கடியில் ஒரே ஒரு சொல்லால் தப்பக்கூடியவன்.

திரை அசைந்தது. மனைவி வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"பால் பொங்குதுங்க. சொல்றதைச் சொல்லிட்டு வாங்க."

"என்னோடதுதான்" என்றார் உரசலார்.

"எது?" என்றார் வியாபாரி.

"எல்லாமே. இந்தம்மாகிட்ட இருக்குறது, உங்ககிட்ட இருக்குறது, தகரக்காரர்கிட்ட இருக்குறது. கள்ள வில்லை ஒண்ணும் கிடையாது. அளவுக்கு மேல தட்டினது நான். பழியை யாரு மேலயோ போட்டதும் நான்."

தெருவில் ஒவ்வொருவர் கையும் மடிக்குப் போயிற்று. நூல்கள் அவிழும் ஓசையும் பித்தளை உரசும் ஓசையும் எழுந்தன. முன்னால் நிற்பவனுக்குக் கிடைக்கும், பின்னால் நிற்பவனுக்குக் கிடைக்காது என்ற அச்சத்தில் ஒருவரை ஒருவர் நெருக்கினர்.

"எல்லாத்துக்கும் டீ தருவீங்களா?" என்றார் மேஸ்திரி. அவர் குரலில் விளையாட்டு இல்லை. "டீயா, தண்ணியா?"

"டீ. பால் ஊத்தின டீ. இன்னைக்கே எல்லாருக்கும் முடியாது. ஆனா எல்லாருக்கும் உண்டு."

"எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம். தெனம் வந்து வாங்கிக் குடிச்சுப் பாருங்க."

கூடைக்காரம்மாள் அசையாமல் நின்றாள். "எனக்கு இத்தனை டீ எதுக்குய்யா?" என்றாள். "வண்டிக்காரர் டீயை வாங்கிக்குவாரா? வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னாரு."

உரசலார் அண்ணாந்து பார்த்தார்.

கூரையைப் பிரிப்பதற்குத் தச்சரே வந்தார். கூலிக்கு வில்லை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். தகரக்காரர் ஒவ்வொரு தகட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆணித்துளைகளைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைத்தார். கிடைத்த நோட்டுகளை உரசலார் முதன்முறையாக வெளிச்சத்தில் பிடிக்காமல் வாங்கிக்கொண்டார். அவற்றில் பெரும்பகுதி கூடைக்காரம்மாளின் பைக்கு ஈடாயிற்று, எஞ்சியது பாலுக்கு.

அவள் அந்த நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் உரசினாள்.

"இது நல்ல நோட்டாய்யா?"

"இன்னைக்கு நல்லது" என்றார் உரசலார். "பெட்டியில வைக்காத. இன்னைக்கே வண்டியா மாத்திடும்மா."

"வண்டி இளைக்காதே?"

"சக்கரம் தேயும். ஆனா தேயுறது கண்ணுக்குத் தெரியும்."

அவள் முதன்முறையாகச் சற்றுச் சிரித்தாள். நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, கழுத்தை அசைக்காமல் விரைந்து நடந்தாள்.

அதன்பின் திறந்த வானத்தின் கீழ் தேநீர் ஓடிற்று. கணவன் மனைவி இருவரும் விடியலிலிருந்து கை ஓயாமல் ஆற்றினர். கூட்டம் குடித்தது, ஆயினும் ஐயம் தீர்ந்து குடிக்கவில்லை. மேஸ்திரி ஒவ்வொரு நாளும் முகர்ந்து பார்த்தார். ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நிறம் பார்த்தார். பிறகே வில்லையைக் கொடுத்தார். திரும்பிய வில்லைகளை மைத்துனர் அள்ளிக்கொண்டு போய் அக்காவின் கண்ணெதிரே உலையில் இட்டார். அவர் அச்சை ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று வெங்காய வியாபாரி பட்டறைக்கே போய் எட்டிப் பார்த்தார். அச்சும் உருகிக்கொண்டிருந்தது.

வசூல்காரர் வந்தார், அண்ணாந்து பார்த்தார்.

"கூரை இல்லாத கடைக்கு வரி குறையுமாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"கூரை போட்டப்ப ஏத்தினோம்மா. எடுத்தா இறக்கச் சொல்லி விதி இல்ல." அவர் நாணயத்தை வைத்துவிட்டுக் குவளையை எடுத்தார். உரசலார் அந்த நாணயத்தை எடுத்து, உரசி, கல்லில் தட்டி, ஓசை கேட்டுப் பெட்டியில் இட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். இருவரும் நம்பவில்லை.

ஒரு விடியற்காலை, வில்லையோடு தேநீர் கேட்டு வர ஒருவரும் இல்லாதபோது, உரசலார் அடுப்பைக் கழுவி மெழுகினார். கைகால் கழுவிக்கொண்டு, நீர் சொட்டும் கைகளோடு வெறுந்தரையில் அமர்ந்தார். மனைவி அருகில் வந்து அமர்ந்தாள். சிறுவயதில் பாடிப் பழகிய பதிகம் ஒன்று அவர் நாவில் எழுந்தது, ஒலியாக வெளிவரவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. உரசிப் பார்க்க இயலாத ஒன்றின் முன், எதுவும் கேளாமல், எதையும் கொடுத்ததாகச் சொல்லாமல், இருவரும் கண்மூடிக் கைகுவித்திருந்தனர்.

தெருவில் சக்கரம் உருளும் ஓசை வந்து கடைமுன் நின்றது. கூடைக்காரம்மாள் வண்டியின் பிடியை விடாமல், அவர்கள் கண் திறக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து அவர்களை நோக்கி உயர்த்தினாள்.

"சொன்ன சொல்லு உங்களைக் காப்பாத்தும்யா. அடுப்பு அணையாம, பால் குறையாம, ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா நல்லா இருங்க."